செவெல் எஞ்சினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி: ஒரிஜினல் பார்ட்ஸைக் காப்பாத்துறது எப்படி

என்னோட 1969 செவெல் எஸ்எஸ் 396 (ஷெவர்லே கம்பெனியோட பழைய அமெரிக்கக் கார், எஸ்எஸ்ன்னா அதுல வேகத்துக்குன்னு வந்த வகை) நாலு வருஷ வேலைக்கு அப்புறம் போன மாசம்தான் தானா ஸ்டார்ட் ஆகி, மிச்சிகன்ல எங்க வீட்டு கராஜை விட்டு வெளியில வந்துச்சு. நடுவுல ஒரு பெரிய நஷ்டம் ஆச்சு, அதை மூணாவது படியில சொல்லியிருக்கேன், வேற எதையும் படிக்க நேரம் இல்லன்னாலும் அதை மட்டும் படிச்சிடுங்க. வண்டியை எங்க ஜாக் போட்டுத் தூக்கணும், பேட்டரி வயரை எப்பக் கழட்டணும்ங்கறதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வெச்சுக்கிட்டுத்தான் எழுதுறேன்.

முதல்ல, பழைய பார்ட்ஸை எதுக்குக் காப்பாத்தணும்? இந்த வண்டிக்கு ஃபெண்டர்லேருந்து சீட் கவர் வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே புதுசா அடிச்சு விக்கிறாங்க. ஆனா 69 செவெல்ல ஒரு சிக்கல் இருக்கு. 68-ல எஸ்எஸ் 396ன்னா வின் நம்பரே (ஒவ்வொரு வண்டிக்கும் ஃபேக்டரில குடுக்கற அடையாள எண்) 138ன்னு ஆரம்பிக்கும், பாத்த உடனே தெரிஞ்சிடும். 69-ல எஸ்எஸ் தனி மாடல் இல்ல, இசட்25ன்னு ஒரு ஆப்ஷன் அவ்வளவுதான், வின் நம்பரைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. சாதா செவெல் மாலிபுல பேட்ஜை மாட்டி எஸ்எஸ்னு வித்துட்டுப் போறது இதனாலதான் ரொம்ப சுலபம். ஜிஎம்மோட (ஜெனரல் மோட்டார்ஸ், ஷெவர்லேவோட தாய் கம்பெனி) இன்னொரு பிராண்டான போண்டியாக்கா இருந்தா பழைய ஃபேக்டரி ரெக்கார்டை காசு குடுத்து வாங்கிக்கலாம், கனடால வித்த ஷெவர்லேக்கும் ஜிஎம் கனடா ரெக்கார்டு குடுக்குது, அமெரிக்கால வித்த ஷெவர்லேக்கு அந்த வழி இல்ல. அப்போ இந்த வண்டி உண்மையிலயே என்னன்னு சாட்சி சொல்றது அதுல மிச்சம் இருக்கற பார்ட்ஸும் காகிதமும்தான். பிரிக்கிற அவசரத்துல நாமளே அந்த சாட்சியை அழிச்சிடக் கூடாது.

படி 1: ஸ்பானரை எடுக்காதீங்க, முதல்ல படிங்க

ஒரு வாரம் எதையும் கழட்டாம வண்டியைப் படிக்க மட்டும் செலவு பண்ணுங்க. ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கற சுவர்) சின்னதா ஒரு தகடு இருக்கும், அதுல 03சி மாதிரி ஒரு குறியீடு இருந்தா மார்ச் மாசம் மூணாவது வாரம் பாடி கட்டினதுன்னு அர்த்தம். இதை ஒரு பேப்பர்ல பெருசா எழுதி கராஜ் சுவத்துல ஒட்டிடுங்க, ஏன்னா இனிமே பாக்குற ஒவ்வொரு பார்ட்டோட தேதியையும் இதோடதான் ஒப்பிடப் போறீங்க.

பார்ட்டை வார்க்கும்போதே அதுல பதியற ஜிஎம் வார்ப்புத் தேதி மாசத்தை எழுத்துல சொல்லும், ஏ-ன்னா ஜனவரி, பி-ன்னா பிப்ரவரி, அப்படியே எல் வரைக்கும் போகும். பிளாக்கில, ஹெட்ல, மேனிஃபோல்டுல எல்லாம் இதே முறைதான். க்வாட்ராஜெட் கார்புரேட்டர்ல மட்டும் வேற மாதிரி, நாலு இலக்கம் இருக்கும், முதல் மூணு வருஷத்தோட எத்தனாவது நாள், கடைசி ஒண்ணு வருஷம். என்னோடதுல 0459. அதாவது 1969-ஓட 45-ஆவது நாள், பிப்ரவரி 14. பாடி மார்ச்ல கட்டினது, கார்புரேட்டர் பிப்ரவரில செஞ்சது, கணக்கு சரியா உக்காருது. பார்ட்டோட தேதி பாடி தேதிக்கு அப்புறம் இருந்துச்சுன்னா அது பின்னாடி யாரோ மாத்தினது, அதைக் காப்பாத்த மெனக்கெட வேண்டாம்.

அழுக்கைத் துடைக்கிறதுக்கு முன்னாடி நல்லாப் பாருங்க. ஃபயர்வால், ஃப்ரேம், டிரைவ்ஷாஃப்ட் இதுலெல்லாம் ஃபேக்டரி ஆளுங்க போட்ட கிரேயான் எழுத்து, பெயிண்ட் கோடு, சாக்பீஸ் டிக் எல்லாம் கிரீஸுக்கு அடியில 50 வருஷத்துக்கு மேல பத்திரமா இருக்கும். என் வண்டி டிரைவ்ஷாஃப்ட்டை மினரல் ஸ்பிரிட்ல நனைச்ச துணியால லேசா ஒத்தி ஒத்தி எடுத்தப்போ, கறுப்பு கிரீஸுக்கு நடுவுல கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சைக் கோடு கிளம்பி வந்துச்சு, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. பிரஷர் வாஷர் அடிச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல போயிருக்கும். அதனால பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். துணி, மினரல் ஸ்பிரிட், பழைய டூத் பிரஷ், இது போதும்.

டாஷ்போர்டு மேல கண்ணாடி வழியாத் தெரியிற வின் தகட்டையும் அதோட பூ மாதிரி இருக்கற ரிவெட்டையும் தொடாதீங்க. அதை அழிக்கிறதும் மாத்துறதும் இங்க ஃபெடரல் குற்றம்.

படி 2: பெட்ரோல் டேங்க் மேல இருக்கற காகிதம்

பில்ட் ஷீட்னு சொல்றது அசெம்பிளி லைன்ல வண்டியோட வந்த தாள், எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எந்த ஆப்ஷன்னு எல்லாம் அதுல இருக்கும். செவெல்ல நிறைய வண்டில இது பெட்ரோல் டேங்குக்கு மேல, ஃப்ளோருக்கும் டேங்குக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கும். சிலதுல சீட் ஸ்பிரிங்குக்கு உள்ள. அதனால டேங்கை ஸ்ட்ராப்பை அவுத்து தடால்னு இறக்காம, கீழ ஜாக்ல ஒரு பலகை வெச்சு ஒவ்வொரு இஞ்ச்சா இறக்கி, டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டே இறக்குங்க.

கிடைச்சா உடனே பிரிச்சுப் படிக்கணும்னு கை பரபரக்கும். பிரிக்காதீங்க. காஞ்சு போன காகிதம் மடிப்புலயே உடைஞ்சிடும். ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல ஈரத்துணியைப் போட்டு, காகிதத்துல துணி படாத மாதிரி நடுவுல ஒரு கம்பி வலை வெச்சு மூடி, ஒரு நாள் விட்டுடுங்க. அந்த ஈரக் காத்துல காகிதம் தானா இளகும், அப்புறம் மெதுவா விரிச்சு ரெண்டு பிளாட்டிங் பேப்பருக்கு நடுவுல கனம் வெச்சுக் காய விடுங்க. என்னோடதுல எலி ஒரு மூலையைத் தின்னுடுச்சு, ஆனா இசட்25 கட்டம் அப்படியே இருந்துச்சு.

படி 3: பிளாக் முன்னாடி இருக்கற அந்த ரெண்டு விரல் அகல இடம்

இதுக்காகத்தான் இந்தப் பதிவே எழுத உக்காந்தேன்.

ஷெவர்லே வி8-ல, பாசஞ்சர் பக்கம், ஹெட்டுக்கு முன்னாடி பிளாக்கில சமதளமா ஒரு சின்ன இடம் இருக்கும். ஸ்டாம்ப் பேட்னு சொல்லுவாங்க. ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்குப் பின்னாடி கிரீஸ் மூடிக் கிடக்கும். அதுல எஞ்சின் ஃபேக்டரி எழுத்து, தேதி, எந்த வகை எஞ்சின்ங்கற குறியீடு குத்தியிருக்கும். பிக் பிளாக் (என் 396 மாதிரி ஷெவர்லேவோட பெரிய வி8) எல்லாமே நியூயார்க் மாநிலத்துல டோனவாண்டா ஃபேக்டரில செஞ்சது, அதனால டி-ன்னு ஆரம்பிக்கும். அது பக்கத்துலயே, சில எஞ்சின்ல ஆயில் ஃபில்டருக்கு மேல, வண்டியோட வின் நம்பர்லேருந்து ஒரு பகுதி இருக்கும், என் வண்டி பால்டிமோர்ல கட்டினதால 19பி-ன்னு ஆரம்பிக்கும். இந்த நம்பரும் டாஷ்ல இருக்கறதும் ஒத்துப் போச்சுன்னா, இந்த எஞ்சின் இந்த பாடியோடவே பிறந்ததுன்னு அர்த்தம். மேட்சிங் நம்பர்ஸ்னு சொல்றாங்களே, அதோட உயிர் இங்கதான்.

என்னோடது ஒத்துப் போச்சு. டார்ச் வெளிச்சத்துல கண்ணால பாத்தேன், நோட்ல எழுதினேன். ஒரு போட்டோவும் எடுத்தேன், கிரீஸைச் சரியாத் துடைக்காம எடுத்ததால அதுல பாதி எழுத்து தெரியல. அப்புறம் பிளாக்கை ஒரு போரிங் பட்டறைக்கு அனுப்பினேன். சிலிண்டர் போர் பண்ணணும்னு சொன்னேன். அவங்க வழக்கப்படி ஹெட் உக்கார்ற தளத்தையும் ஃபேஸிங் பண்ணிட்டாங்க, அதாவது மெஷின்ல சீவி மட்டமாக்கிட்டாங்க. பேடும் அந்தத் தளமும் ஒரே மட்டம். திரும்ப வாங்கி வந்து பாத்தா, அந்த இடத்துல கண்ணாடி மாதிரி பளபளன்னு வட்ட வட்டமா கட்டர் கோடு மட்டும் இருக்கு. நம்பர் இல்ல. ஒரு தலைமுடி கனம்தான் சீவியிருப்பாங்க, அது போதும், போயிடுச்சு. பிளாக்கைத் தடவிப் பாத்துட்டு கராஜ் தரையில உக்காந்துட்டேன்.

அதனால நீங்க பண்ண வேண்டியது இது. பேடை மினரல் ஸ்பிரிட், டூத் பிரஷ் வெச்சு மட்டும் சுத்தம் பண்ணுங்க. கம்பி பிரஷ், உப்புத்தாள், ட்ரில்ல மாட்டுற வீல் எதுவும் அதைத் தொடக் கூடாது, ஏன்னா ஃபேக்டரில அந்தத் தளத்தை ப்ரோச் மெஷின்ல சீவினப்போ விழுந்த நேர் நேரான மெல்லிய கோடுங்க நம்பருக்குப் பின்னணியா இருக்கும், நம்பர் ஒரிஜினலா பின்னாடி குத்தினதான்னு தெரிஞ்சவங்க அந்தக் கோட்டை வெச்சுத்தான் சொல்லுவாங்க. வெளிச்சத்தை நேரா அடிக்காம பக்கவாட்டுல படுக்கையா அடிச்சு பத்து போட்டோ எடுங்க. மெல்லிசு பேப்பர் வெச்சு பென்சிலால தேச்சு ஒரு பிரதியும் எடுத்து வெச்சுக்கோங்க.

பட்டறைக்குப் போறப்போ வாயால சொன்னாப் பத்தாது. ஆர்டர் சீட்டுல எழுத வைங்க, பிளாக் மேலயே பெயிண்ட் மார்க்கரால எழுதுங்க, பேடுக்கு மேல டேப் ஒட்டுங்க. முதல்ல ஸ்ட்ரெய்ட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வெச்சு தளம் வளைஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, பல பிளாக்குக்கு ஃபேஸிங்கே தேவைப்படாது. தேவைன்னா கட்டரை பேடுக்கு முன்னாடி நிறுத்த முடியுமான்னு கேளுங்க. முடியாதுன்னா வேற பட்டறை தேடுங்க.

அப்புறம் ஒருத்தர் அதே நம்பரைத் திரும்பக் குத்தித் தரேன்னாரு. வேண்டாம்னுட்டேன். அது பொய்ச் சாட்சி. வார்ப்பு நம்பரும் வார்ப்புத் தேதியும் பிளாக்கில இன்னும் இருக்கு, பில்ட் ஷீட் இருக்கு, நடந்ததை அப்படியே எழுதி ஃபைல்ல வெச்சிருக்கேன்.

படி 4: போல்ட்டை உடைக்காம எடுக்கிறது

துருப்பிடிச்ச போல்ட்டை இளக்க டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஆகாது, என் அனுபவத்துல க்ராயில்ங்கற எண்ணெய்தான் பெஸ்ட். இல்லன்னா ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) பாதி அசிட்டோன் பாதி கலந்துக்கலாம், ஆனா நெருப்பு பக்கத்துல கொண்டு போகாதீங்க. மூணு நாள் தினமும் போட்டு ஊற விட்டு, ஆறு பட்டை சாக்கெட்டை மாட்டி, முதல்ல ஒரு துளி இறுக்கிட்டு அப்புறம் அவுங்க. இம்பாக்ட் கன் வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட்டுக்கு எண்ணெயை நல்லாத் துடைச்சுட்டு தீ வர்ற கேஸ் டார்ச்சால சூடு பண்ணி, மெழுகுவர்த்தியை மரையில தொடுங்க, மெழுகு உருகி உள்ள இழுத்துக்கும். எனக்கு ஒரே ஒரு போல்ட்டுதான் உடைஞ்சுது.

எடுத்த போல்ட்டைத் தூக்கிப் போடாதீங்க. தலையில இருக்கற கம்பெனி எழுத்தோட புதுசு கிடைக்கிறது கஷ்டம். ஒரு பார்ட்டுக்கு ஒரு ஜிப் பை, உள்ள ஒரு சீட்டு.

படி 5: துரு

மணல் அடிக்கிறதை ஃப்ரேமோட நிறுத்திக்கோங்க. பாடித் தகட்டுல அடிச்சா நெளிஞ்சிடும், துத்தநாக வார்ப்புல செஞ்ச குரோம் பார்ட்ஸ்ல அடிச்சா பார்ட்டே போயிடும். சின்ன இரும்பு பார்ட்ஸுக்கு எவாப்போ-ரஸ்ட்ங்கற துரு எடுக்கற திரவத்துக்குத்தான் என் ஓட்டு, அது துருவை மட்டும் தின்னும், நல்ல இரும்பைத் தொடாது. குளிர்ல மந்தமாயிடும், அதனால டிசம்பர்ல பக்கெட்டை வீட்டுக்குள்ள வெச்சேன். சலவை சோடா போட்டு கரண்ட் விடுற முறையும் நல்லாத்தான் வேலை செய்யுது, ஆனா அதுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு உபயோகிக்கவே கூடாது, விஷமான குரோமியம் தண்ணில இறங்கும். ஸ்பிரிங்கையும் கடினப்படுத்தின போல்ட்டையும் அதுல போடாதீங்க, ஹைட்ரஜன் ஏறி முறிஞ்சிடும்.

*சேர்த்தது:* ஒரு நண்பர் கமெண்ட்ல எழுதியிருந்தாரு, ஹூட் ஹிஞ்சை (பானெட் கீல்) எவாப்போ-ரஸ்ட்ல பாதி முங்கற மாதிரி வெச்சிருக்காரு, தண்ணி மட்டம் நின்ன இடத்துல ஒரு கோடு அரிச்சுப் போச்சாம். உண்மைதான், முழுசா முங்கணும், முடியலன்னா துணியைச் சுத்தி மேல ஊத்திக்கிட்டே இருக்கணும். இன்னொருத்தர் ஒரிஜினல் கறுப்பு ஆக்ஸைடு போல்ட்டைப் போட்டு பூச்சு வெளுத்துப் போச்சுன்னாரு. ஆக்ஸைடு பூச்சும் துருவும் அதுக்கு ஒண்ணுதான், அந்த மாதிரி போல்ட்டை பித்தளை பிரஷ்ஷும் எண்ணெயும் வெச்சு கையால தேச்சு எடுங்க. வெளிய எடுத்த உடனே கழுவி, ஹேர் டிரையரால காய வெச்சு, எண்ணெய் தடவிடுங்க, பத்து நிமிஷம் விட்டாக்கூட திரும்பத் துரு பூக்கும்.

இன்னும் ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க, ஒரிஜினல் பிரேக் ஹோஸையும் வெச்சே ஓட்டலாமான்னு. கூடாது. பிரேக் ஹோஸ், பிரேக் லைன், பெட்ரோல் ஹோஸ், டயர் எல்லாம் புதுசுதான் போடணும், உள்ள உக்கார்றது நம்ம பிள்ளைங்க. பழசைத் தேதி எழுதி ஒரு பெட்டில போட்டு மேல பரண்ல ஏத்திடுங்க. என்னோட பெட்டில இப்போ 41 பை இருக்கு.