ஈர மணல்ல ஒரு கோடு: கோல்ஃப் ஸ்டான்ஸும் பால் பொசிஷனும் பழகுற முறை

ராம்நாடு பக்கம் இருந்துக்கிட்டு கோல்ஃப் பழகணும்னா புல்லுத்தரைக்கு எங்க போறதுன்னு நிறைய பேரு கேக்குறீங்க. அரியமான் மாதிரி கரையில அலை ஏறி இறங்கின ஈர மணல் கெட்டியா கிடக்கும் பாருங்க, ஸ்டான்ஸும் (அடிக்க நிக்கிற நிலை) பால் பொசிஷனும் (காலுக்கு நேரா பந்து இருக்குற இடம்) பழக அது போதும், ஏன்னா நீங்க பண்ற தப்ப அப்படியே பதிஞ்சு காட்டிரும். பழைய செவன் அயர்ன் (நடுத்தர தூரத்துக்கு அடிக்கிற கிளப், அதாவது கோல்ஃப் மட்டை) ஒண்ணு எடுத்துக்கங்க, மணல் உரசி கிளப்ல கீறல் விழும். இதெல்லாம் வலதுகை ஆளுக்கு, இடதுகைன்னா மாத்திக்கங்க.

முதல்ல திசை. தூரத்துல ஒரு பனைமரத்த டார்கெட்டா வச்சுக்கிட்டு, பாலுக்கும் அதுக்கும் நேரா ஒரு கோடு கிழிங்க. உங்க கால், இடுப்பு, தோள் மூணும் அந்தக் கோட்டுக்கு இணையா இருக்கணும், பனைமரத்தப் பார்த்து இல்ல, அதுக்குக் கொஞ்சம் இடதுபக்கமா.

அடுத்து காலு. ரெண்டு காலையும் சேர்த்து வச்சு பால் நடுவுல இருக்குற மாதிரி நில்லுங்க. வெட்ஜ்னா (கிட்டத்துக்கு அடிக்கிற கிளப்) ரெண்டு காலையும் சமமா கொஞ்சமா விரிங்க. செவன் அயர்ன்னா இடது கால் சின்ன எட்டு, வலது கால் அதவிட கொஞ்சம் பெரிய எட்டு. டிரைவர்னா (ரொம்ப தூரம் அடிக்கிற நீளமான கிளப்) இடது காலை நகத்தாம விரல மட்டும் வெளிப்பக்கம் திருப்பிட்டு வலது காலை மட்டும் நல்லா அகட்டிருங்க, பால் இடது குதிங்காலுக்கு உள்பக்கமா தானா வந்துரும். முட்டி லேசா தளர்வா, ஆடுற வல்லத்துல நிப்போமே அந்த மாதிரி, இடுப்புல இருந்து குனியணும், முதுகு வளையக்கூடாது.

ஏன் இடம் மாறுதுன்னா, அயர்ன் கீழ இறங்கி வர்றப்பவே பாலைத் தொடணும், டிரைவர்ல பால் டீ (பாலைத் தூக்கி வைக்கிற சின்னக் குச்சி) மேல இருக்குறதால கிளப் அடிமட்டத்தத் தாண்டி மேல ஏறுறப்ப தொடணும். பாலோட குறுக்களவு 42.67 மில்லிமீட்டர்தான், ஆனா அந்த ஒரு பால் அளவு தள்ளிப்போனாலே அடி மாறிரும். எனக்கு செவன் அயர்ன்ல பாலோட தலையில தட்டித் தட்டியே உருண்டு போகும், மூணு மாசம் ஸ்விங்கையே (கிளப்ப வீசுற முறை) மாத்தி மாத்திப் பார்த்தேன், கடைசில பார்த்தா பால் ரொம்ப முன்னாடி, அதாவது இடதுபக்கமா, இருந்துருக்கு.

அத மணல்தான் காட்டுச்சு. பால் இருக்கவேண்டிய இடத்துல டார்கெட் கோட்டுக்குக் குறுக்கா ஒரு கோடு போட்டு, பால் இல்லாமயே பத்து தடவ வீசுங்க. கோட்டுலயோ அதுக்கு ஒட்டி இடதுபக்கமோ மணல் பேர ஆரம்பிச்சா சரி. வலதுபக்கமே பேர்ந்தா பாலைப் பின்னாடி (வலதுபக்கமா) தள்ளிறாதீங்க, முதல்ல உடம்பு பாரம் இடது காலுக்கு வந்துச்சான்னு பாருங்க.

பால் வச்சு அடிக்கிறப்ப ஆளு, வலை எதுவும் இல்லாத பக்கமா அடிங்க. கடலப் பார்த்து மட்டும் வேணவே வேணாம், உள்ள விழுந்த பால் மக்காது, அது நம்ம கடலு.

கச்சான் காத்துக்கு (மேற்க இருந்து வீசுற காத்து) எதிரா அடிக்கணும்னா கொஞ்சம் அகலமா நின்னு, பாலை ஒரு பால் அளவு வலதுபக்கம் வச்சு அரை ஸ்விங்கா வீசுங்க, தாழ்வாவே போகும்.