கணவரின் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்: குழந்தைப்பேறு சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வரும் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. முன்பு வந்தவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்களோ, அதே இடத்தில்தான் இப்போது புதிதாக வருகிறவர்களும் விழுகிறார்கள். மாத்திரையை மறப்பது, நொறுக்குத் தீனி, தூக்கம் கெடுவது இதையெல்லாம் வீட்டிலேயே யாராவது சொல்லியிருப்பார்கள். பணத்தையும் வயதையும் சேர்த்து விழுங்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் பதினான்காம் நாள் என்று கணக்குப் போடுவது

மாதவிடாய் தொடங்கி பதினான்காம் நாளில் கருமுட்டை வெளிவரும் என்பது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு ஏறக்குறையப் பொருந்தும் கணக்கு. முட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிடாய் வரை உள்ள காலம்தான் பெரும்பாலும் 14 நாளை ஒட்டி இருக்கும். அதற்கு முன்னால் உள்ள காலம் ஆளுக்கு ஆள் நீளும், குறையும். 35 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறது என்றால் முட்டை ஏறக்குறைய 21ஆம் நாளில்தான் வெளிவரும். சுழற்சி நீண்ட ஒரு பெண் காலண்டரில் 13, 14, 15 என்று ஒவ்வொரு மாதமும் வட்டமிட்டு வைத்திருந்தார். ஓராண்டு முயற்சி முழுவதும் தவறான வாரத்தில் நடந்திருக்கிறது. அதைப் புரியவைத்தபோது அவர் முகத்தில் தெரிந்த ஆற்றாமையைப் பார்த்தபின், சுழற்சி எத்தனை நாள் என்று கேட்காமல் நான் யாரிடமும் பேச்சைத் தொடங்குவதில்லை.

முட்டையின் ஆயுள் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரைகூட உயிரோடு இருக்க முடியும். 1995இல் அமெரிக்காவில் 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும் ஆகிய ஆறு நாட்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கரு தங்கியது தெரியவந்தது. முட்டை வெளியாகிவிட்டதா என்று உறுதிசெய்துகொண்டு பிறகு முயல்வது தாமதம். காலையில் உடல் வெப்பநிலை எடுத்துக் குறித்து வைப்பவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள். வெப்பநிலை உயர்வது முட்டை வெளியான பின்புதான். கோழிமுட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பான, இழுபடும் திரவம் பிறப்புறுப்பில் தெரியும் நாட்கள் அதைவிட நல்ல அறிகுறி. முட்டை வெளிவரப்போவதைச் சிறுநீரில் காட்டும் எல்.எச். பட்டையும் உதவும், பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும் அது பொய்யாகப் பல நாள் கோடு காட்டக்கூடும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை, வீட்டு விரதம் என்று பல வீடுகளில் நாட்களைக் கழிக்கிறார்கள். அவரவர் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆறே நாள்தான் கிடைக்கும் மாதத்தில் அதில் எத்தனை மிஞ்சுகிறது என்று ஒருமுறை உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். கணக்கே வேண்டாம் என்பவர்கள், மாதவிடாய் நின்றதிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால் போதும்.

மனைவிக்கு எல்லாப் பரிசோதனையும், கணவருக்கு ஒன்றும் இல்லை

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

தடித்த கோப்பைச் சுமந்துகொண்டு ஒரு பெண் வருகிறார். தைராய்டு, ஏ.எம்.எச்., கருக்குழாய் எக்ஸ்ரே, மாதாமாதம் முட்டை வளர்ச்சியைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன், வயிற்றில் துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி அறிக்கை என அத்தனையும் அவர் பெயரில் இருக்கும். கணவரின் விந்துப் பரிசோதனை எங்கே என்று கேட்டால் பக்கத்தில் இருக்கும் மாமியார், "என் மகனுக்கு ஒரு குறையும் இருக்காது, மேடம்" என்பார். கணவர் வண்டியை நிறுத்தப் போயிருப்பார். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கக் காரணம் தனியாகவோ மனைவி பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. சில நூறு ரூபாயில், வலியில்லாமல் முடிகிற பரிசோதனையைத் தள்ளிவைத்துவிட்டு, மயக்க மருந்து கொடுத்து ஒரு பெண்ணின் வயிற்றில் துளை போட்டுப் பார்க்கிறோம். எந்த நியாயத்தில் இந்த வரிசை?

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதியை மறக்க முடியவில்லை. கணவருக்கு வளைகுடாவில் கட்டுமான வேலை. ஆண்டுக்கு ஒரு மாதம் விடுப்பு. வந்த முதல் வாரம் உறவினர் வீடுகள், அடுத்து திருக்கருகாவூர் உள்ளிட்ட கோயில்கள். எங்களிடம் வந்தபோது அந்த மாதத்தின் முட்டை வெளியாகிவிட்டிருந்தது. அதற்கு முன் வேறோர் இடத்தில், கணவர் ஊரிலேயே இல்லாத மாதங்களிலும் அந்தப் பெண்ணுக்கு முட்டை வளர மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். யாருடைய விந்தணுவுக்காக அந்த முட்டை வளர்ந்தது என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. விமானம் ஏறுவதற்குச் சில நாள் முன்னால் கணவருக்குப் பரிசோதனை செய்தோம். விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு. விதைப்பை ரத்தக்குழாய்கள் வீங்கும் வெரிகோசீலும் இருந்தது, புகைப்பழக்கமும் இருந்தது. அவர் போய்விட்டார். மனைவிக்கு இன்னும் ஓராண்டு காத்திருப்பு.

விந்தணு உருவாக ஏறக்குறைய 70 நாளுக்கு மேல் ஆகிறது; முதிர்ந்து வெளிவரும் காலத்தையும் சேர்த்தால் மூன்று மாதம். இன்று பரிசோதனைக் குப்பியில் இருப்பது மூன்று மாதத்துக்கு முன்பு தொடங்கிய அணுக்கள். அதனால் சிகரெட்டை விடுவதும் குடியைக் குறைப்பதும் விடுப்பில் இறங்கிய பிறகு தொடங்கினால் அந்த விடுப்புக்கு உதவாது. விடுப்புக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் அங்கேயே பரிசோதனை செய்து அறிக்கையை அனுப்பலாம். மனைவியின் சுழற்சியைப் பார்த்து விடுப்புத் தேதியைக் கேட்டு வாங்கலாம். திரும்பிப் போகும் முன், இருவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு விந்தணுவை உறையவைத்துவிட்டுப் போகலாம். இந்த மூன்றையும் முதல் நாளே சொல்ல ஆள் இருந்திருந்தால் அந்தத் தம்பதிக்கு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

விதைப்பை உடலைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். பேக்கரி அடுப்படி, வெல்டிங் பட்டறை, நாள்கணக்கில் லாரி ஓட்டுவது என உடலில் சூடு ஏறும் தொழிலில் இருப்பவர்களிடம் இதை நானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, தாமாகச் சொல்வதில்லை. தொழிலை விடச் சொல்ல முடியாது. இறுக்கமான உடையைத் தவிர்ப்பது, இடையிடையே எழுந்து நடப்பது, மடிக்கணினியை மடியில் வைக்காமல் இருப்பது ஆகியவை எல்லோராலும் முடியும்.

அடுத்தது உடற்பயிற்சிக் கூடத்து ஊசி. கட்டுமஸ்தான உடலோடு வந்த ஓர் இளைஞரின் பரிசோதனையில் ஒரு விந்தணுகூட இல்லை. பலமுறை கேட்ட பிறகுதான் தசை வளர டெஸ்டோஸ்டிரோன் போட்டுக்கொண்டதாகச் சொன்னார். ஆண்மையைக் கூட்டும் மருந்து குழந்தையையும் தரும் என்றே அவர் நம்பியிருந்தார். நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களைச் சுரப்பதை மூளை நிறுத்திவிடும், விதைப்பைக்குள் உற்பத்தி நின்றுவிடும். இதையே ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனம் சோதித்து 1990இல் முடிவு வெளியிட்டது. வாராவாரம் ஊசி போட்ட ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அறவே இல்லாமல் போனது. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். ஆனால் அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். மனைவிக்கு 36 வயது என்றால் அந்த ஓராண்டின் விலை என்ன என்று யோசியுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே ஒரு மோசமான அறிக்கையை வைத்துக்கொண்டு உடைந்துபோகிறார்கள். டெங்கு, டைபாய்டு போன்ற கடுமையான காய்ச்சல் வந்து போனால் இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை இறங்கியே இருக்கும். பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். சேர்த்து வைத்தால் வலுக்கூடும் என்று மாதக்கணக்கில் விலகியிருந்தால் அணுக்களின் அசைவு கெடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்கள், அசைவு 42 விழுக்காடு, இயல்பான வடிவம் 4 விழுக்காடு ஆகியவை கீழ் எல்லை. 'வடிவம் 4 விழுக்காடுதான்' என்று அழுதுகொண்டு வந்தவர்களிடம் அது எல்லைக்குள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அறிக்கை சரியில்லை என்றால் சில வாரம் விட்டு மறுபடி பாருங்கள். அணுக்களே இல்லை என்றாலோ மிக மிகக் குறைவு என்றாலோ மட்டும் பழக்க மாற்றத்தை நம்பிக் காத்திருக்காமல் ஆண்களின் குழந்தைப்பேறு பிரச்சினைகளைப் பார்க்கும் ஆண்ட்ராலஜி மருத்துவரைப் பாருங்கள். அடைப்போ மரபணுக் காரணமோ இருக்கலாம்.

'ஒரே அணுவை முட்டைக்குள் செலுத்தும் இக்சி இருக்கிறதே, ஒரு அணு போதுமே, சிகரெட்டை எதற்கு விட வேண்டும்?' என்பவர்களுக்கு: புகை விந்தணுவின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது. ஆய்வகத்தில் அணுவைத் தேர்ந்தெடுப்பவர் அதன் வடிவத்தையும் அசைவையும் பார்க்கிறார். உள்ளே இருக்கும் சேதம் அவர் கண்ணுக்குத் தெரியாது.

எடை குறையட்டும் என்று வயதைக் கடத்துவது

பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே முட்டை வெளியாவது சீராவதைப் பார்க்கிறோம். அதற்காக 'முதலில் இருபது கிலோ குறைத்துவிட்டு வாருங்கள்' என்று 37 வயதுப் பெண்ணைத் திருப்பி அனுப்புவதை நான் ஏற்கவில்லை. நெதர்லாந்தில் உடல் பருமன் உள்ள பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆறு மாதம் வாழ்க்கைமுறைப் பயிற்சி தந்து பிறகு சிகிச்சை தொடங்கினார்கள். இன்னொரு பிரிவினருக்கு உடனே சிகிச்சை. 2016இல் வந்த முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களில் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் அதிகம். ஆனால் இரண்டு ஆண்டுக்குள் நிறைமாதத்தில், சுகப்பிரசவமாக, ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் அந்தப் பிரிவில் கூடவில்லை. 26 வயதில் மாதவிடாய் தவறுகிறது என்றால் சில மாதம் உணவையும் நடையையும் சீர்படுத்திப் பார்க்கலாம். 35ஐத் தாண்டியவர் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். ஆறு மாதம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால் அந்த வயதில் பரிசோதனைக்கு வந்துவிட வேண்டும், இளையவர்களுக்கு ஓராண்டு.

ஏ.எம்.எச். எண்ணைப் பார்த்து நொறுங்கிப்போவது

இந்த ஹார்மோன் ரத்தப் பரிசோதனை முட்டைகள் எத்தனை மிச்சம் என்று ஊகிக்க உதவும். முட்டையின் தரத்தைச் சொல்லாது.

ஃபோலிக் அமிலத்தைக் கரு தங்கிய பிறகு தொடங்குவது

குழந்தையின் தண்டுவடக் குழாய் கரு உண்டான நான்கு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. பலருக்குக் கரு தங்கியது தெரிவதே அப்போதுதான். நாளுக்கு 400 மைக்ரோகிராம், முன்கூட்டியே.

லேகியத்தையும் சூரணத்தையும் மறைப்பது

மருத்துவர் திட்டுவார் என்று பயந்து மறைக்காதீர்கள். பெயர் தெரியாவிட்டால் டப்பாவையே எடுத்து வாருங்கள்.

டிரிக்கர் ஊசியின் நேரம்

சோதனைக்குழாய் சிகிச்சையில் முட்டையை முதிரவைக்கப் போடும் இந்த ஊசி இரவு பத்து மணி என்றால் பத்து மணிதான். 34 முதல் 36 மணி நேரம் கழித்து முட்டை எடுக்க எல்லாம் அந்த நேரத்தை வைத்துத்தான் திட்டமிடப்பட்டிருக்கும். தவறிவிட்டால் மறைக்காமல் அப்போதே தொலைபேசியில் சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் உருவான கருவைக் கருப்பைக்குள் வைத்த பின் படுத்தே கிடப்பது

பயனில்லை. நடங்கள், சமையுங்கள், அலுவலகம் போங்கள்.

நாள் வருவதற்குள் வீட்டில் சோதித்துப் பார்ப்பது

டிரிக்கர் ஊசியில் இருப்பதே பெரும்பாலும் எச்.சி.ஜி.தான், கர்ப்பப் பட்டை தேடுவதும் அதே ஹார்மோனைத்தான். அது பத்துப் பதினான்கு நாள் வரை உடலில் தங்கக்கூடும். அதற்குள் பட்டையில் வரும் இரண்டு கோடு ஊசியின் கோடாகவே இருக்கலாம். அதை நம்பி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு பதில் சொல்ல முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இதைவிட ஆபத்தானது ஒற்றைக் கோட்டைப் பார்த்து மனம் வெறுத்து, கரு தங்க உதவும் புரோஜெஸ்டிரோன் மருந்தைத் தாமாக நிறுத்திவிடுவது. மையம் சொன்ன நாளில் ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. பாருங்கள், மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை மருந்து தொடரட்டும்.