வேலூர் வெயிலில் பவளத் தொட்டி: விளக்கு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து உயிருள்ள பவளம் வளர்க்க விளக்கு வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். கேள்வியே தப்பு. வாட்ஸ் என்பது விளக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதற்கான கணக்கு. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசிக்கு ஒளி எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதை அது சொல்லாது. அந்தப் பாசி சமைத்துப் போடுவதுதான் பவளத்துக்குப் பெரும்பாலான சாப்பாடு. பாசி சமைக்க உதவும் ஒளியைப் 'பார்' (PAR) என்ற அளவில் பார்க்க வேண்டும். காளான் பவளத்துக்கு 50 முதல் 100 பார் போதும், பொத்தான் பொத்தானாகக் கூட்டமாய் வளரும் சோவாந்தஸுக்கு 100-ஐ ஒட்டி, அக்ரோபோரா மாதிரி கல் பவளத்துக்கு 250-க்கு மேல். (கல் பவளங்கள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மன்னார் வளைகுடாவில் எடுத்தது, சல்லிசாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள்.)

கண்ணை நம்புவதும் ஆகாது. சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய்ச் செடித் தொட்டிக்கான 6500 கெல்வின் வெள்ளை விளக்கைப் பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கும், ஆனால் கடலில் சிவப்பு ஒளி முதல் சில மீட்டரிலேயே காணாமல் போய்விடுவதால் ஆழத்தில் வளரும் பவளங்கள் நீல ஒளிக்குப் பழகியவை. 420 முதல் 460 நானோமீட்டர் வரையிலான நீலம் தாராளமாக உள்ள எல்இடிதான் வேண்டும், நம் கண்ணுக்கு அது மங்கலாகத் தெரிந்தாலும்.

பவளத்தை நிஜமாகவே கொல்லும் தவறு வேறு. புது விளக்கை மாட்டிய அன்றே முழு வெளிச்சத்தில் ஓட விடுவது. 30 சதவீதத்தில் ஆரம்பித்து மூன்று நான்கு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். ஒளி அளவுக்கு மீறினால் பாசிக்குள் நச்சு ஆக்சிஜன் பெருகும், பவளம் பாசியையே வெளியே துப்பிவிட்டு வெளுத்துப்போகும். சூடு சேர்ந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நம்ம ஊர் சிக்கலே இதுதான். மார்கழியில் ஒன்றும் செய்யாத அதே வெளிச்சம், கத்திரி வெயிலில் காங்கிரீட் கூரைக்குக் கீழே தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது பவளத்தை வெளுக்க வைத்துவிடும். 25, 26 டிகிரிதான் அதற்குச் சுகம். அதனால் மே மாதத்தில் வெளிச்சத்தைக் குறைத்து, காலை 6 மணிக்கே போட்டு மதியம் 2 மணிக்கு அணைத்துவிடலாம். ஆபீஸ் போகிறவர்கள் "நான் எப்போ பார்க்கிறது?" என்பார்கள். சரி, பவளம் வாழட்டும், ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். தண்ணீர்மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியாகிப் போன அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் போதும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஜன்னல் வெயிலில் வைத்தால் ஃப்ரீயாக ஒளி கிடைக்குமே என்ற யோசனையும் வேண்டாம், கிடைப்பது சூடும் பச்சைப் பாசியும்தான்.

அறிகுறியைத் தலைகீழாகப் படிப்பவர்களும் உண்டு. பவளம் பழுப்பாகிறது, சோவாந்தஸ் தண்டை நீட்டி நீட்டி மேலே எட்டிப் பார்க்கிறது என்றால் ஒளி பத்தவில்லை. காளான் பவளத்தின் விளிம்பு உள்ளே சுருண்டு, நிறம் வெளிறுகிறது என்றால் ஒளி அதிகம். வெளுத்ததைப் பார்த்துவிட்டு "பாவம், வெளிச்சம் பத்தலை போல" என்று இன்னும் கூட்டினால் அது அவ்வளவுதான்.

விளக்கின் கீழ்ப்பக்கத்தையும் அவ்வப்போது தடவிப் பாருங்கள். தெறித்த தண்ணீர் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், அதுவே கணிசமான ஒளியை மறைத்துவிடும். அணைத்து ஆற விட்டு, ஆர்ஓ தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். அப்புறம் டைமர். ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம் என்று வைத்திருப்பீர்கள், ஆனால் கரண்ட் போனால் திருகு டைமர் அங்கேயே நின்றுவிடும். இரண்டு மூன்று கரண்ட் கட்டுக்குப் பிறகு காலை 6 மணிக்கு எரிய வேண்டியது 10 மணிக்குத்தான் எரிய ஆரம்பிக்கும், உச்சி வெயில் நேரம் முழுக்க ஓடும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமராக வாங்கிவிடுங்கள்.