எம்.டி. எகிறாமல் கடை திறப்பது எப்படி?

மின்கட்டணச் சீட்டில் யூனிட்டை மட்டும் பார்க்கும் முதலாளி பாதிச் சீட்டைத்தான் படிக்கிறார். நான் துணிக்கடையொன்றில் மின்பராமரிப்புப் பார்ப்பவன். தமிழ்நாட்டில் உயரழுத்த இணைப்பு உள்ள கடைகள், மாதத்தின் உச்சத் தேவைக்கும், அதாவது அந்த மாதத்தில் எட்டிய அதிகபட்ச மின்சுமையான எம்.டி.க்கும் (மேக்சிமம் டிமாண்ட்), தனியாகப் பணம் கட்டுகின்றன.

மின்வாரியத்தோடு ஒப்பந்தம் 200 கே.வி.ஏ. (மின்சுமையை அளக்கும் அலகு), ஒரு கே.வி.ஏ.வுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் 220 பதிவானால் மேற்பட்ட 20-க்கு இரட்டைக் கட்டணம்; மொத்தம் 1,44,000 ரூபாய். 180-க்குள் அடக்கினால் 1,08,000. அதற்குக் கீழே இறக்கிப் பயனில்லை. ஒப்பந்தத்தில் 90 விழுக்காட்டுக்கு எப்படியும் கட்டியாக வேண்டும்.

மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தைக் கண்டு பலர் பதறுகிறார்கள். அது சில வினாடிதான். மீட்டர் எடுப்பது 15 அல்லது 30 நிமிடச் சராசரி. அந்த நேரத்துக்குள் எல்லாம் சேர்ந்து ஓடுவதுதான் ஆபத்து.

ஆகவே முதலில் மீட்டரின் லோடு சர்வேயை, அதாவது நேரவாரியான மின்சுமைப் பதிவை எடுத்து, உச்சம் எந்த மணிக்கு விழுகிறது என்று பாருங்கள். எங்களுக்கு அது கூட்டம் நெரியும் மாலை அல்ல, காலை பத்து மணி! இரவெல்லாம் பூட்டிக் கிடந்த கட்டடம் புழுங்கிக் கிடக்கும். ஏ.சி.க்குக் குளிர்நீர் தரும் இரண்டு சில்லர் இயந்திரங்களும் முழு மூச்சில் ஓடும். அதே நேரத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார், கேன்டீன் கிரைண்டர், துணிக்கு நீராவி இஸ்திரி.

இப்போது எட்டரைக்கே ஒரு சில்லரைத் தனியாகப் போடுகிறோம். திரும்பி வரும் குளிர்நீர் 12 டிகிரிக்கு இறங்கும்வரை இரண்டாவதைத் தொடக்கூடாது என்று பேனல் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தொட்டி நிரப்புவதும் மாவரைப்பதும் ஏழரைக்குள் முடிந்துவிடும். குளிர்காற்றைக் கடைக்குள் தள்ளும் ஏ.எச்.யூ. மின்விசிறிக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி இருந்தால் வேகத்தை 80 விழுக்காடாக்குங்கள். அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

கெபாசிட்டர் பேனலையும் கவனியுங்கள். பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கே.வி.ஏ.வில் உண்மையில் வேலை செய்யும் பங்கை, உயர்த்துவது அதுதான். 180 கிலோவாட் லோடு, பவர் ஃபேக்டர் 0.90 என்றால் 200 கே.வி.ஏ.; 0.98 என்றால் 184-தான்.

தீபாவளி மாதத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. வியர்த்து ஒழுகும் வாடிக்கையாளர் பட்டுப்புடவை எடுக்க மாட்டார். ஒருமுறை 195 பதிவாகிவிட்டால், அடுத்த மீட்டர் கணக்கெடுப்பு வரை 195-க்குள் எத்தனை முறை ஏறினாலும் எம்.டி. கட்டணம் கூடாது. கணக்கெடுப்பு முடிந்து மீட்டர் பூஜ்யத்துக்கு வந்த மறுநாள் காலையிலிருந்து பழைய கட்டுப்பாட்டைத் தொடங்குங்கள்.