கடிக்கிற நாயைப் பத்தி முறைப்பாடு குடுக்கிறது எப்பிடி? இலங்கை மலையகத்து ஆக்களுக்கு ஒரு செய்முறை

எங்க டவுன் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து தோட்டத்துக்கு ஏறுற ரோட்ல ஒரு நாய்க்கூட்டம், அதுல ரெண்டு வீட்டு நாய், ஸ்கூல் பிள்ளைகளையும் விடியக்காலைல பெரட்டுக்கு (தோட்டத்துல வேலைக்கு பேர் குடுக்குற எடம்) போற பொம்பளைங்களையும் விரட்டிக்கிட்டே இருந்துச்சு. இப்ப அடங்கிருச்சு. எப்பிடி செஞ்சீங்கன்னு நெறைய பேர் கேக்குறதால எழுதுறேன்.

யாருக்காவது கடிபட்டிருந்தா கடிதம் எல்லாம் பிறகு. சோப்பு போட்டு ஓடுற தண்ணில 15 நிமிசம் கழுவிட்டு நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போங்க, அங்க ஊசி இலவசம். மஞ்சள், கோப்பித்தூள் ஒண்ணும் காயத்துல பூச வேணாம். விசர்நாய்க்கடி நோய்க்கு அறிகுறி வந்துட்டா ஆளை காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆத்திரத்துல நாயை அடிச்சு கொல்லவும் வேணாம், கட்டி வச்சு ரெண்டு வாரம் பாத்தாத்தான் அதுக்கு நோய் இருக்கா இல்லையான்னு தெரியும். அதுக்குள்ள செத்துட்டா உடனே பி.எச்.ஐ.க்கு (பொது சுகாதார பரிசோதகர்) சொல்லுங்க, தலைய கொழும்பு எம்.ஆர்.ஐ.க்கு (மருத்துவ ஆராய்ச்சி நிலையம்) அனுப்பி சோதிக்கலாம்.

1. எழுதி வைங்க. திகதி, நேரம், எந்த எடம், என்ன நிறத்து நாய், யார் வீட்டுது, யாரை விரட்டுச்சு. வாட்ஸ்அப் குரூப்ல வொய்ஸ் போட்டா அதை யாரும் ஃபைல்ல வைக்க முடியாது. ஒரு சீ.ஆர் கொப்பி (தடிச்ச அட்டை போட்டது) தான் நல்லம், போன்ல ரெண்டு மூணு போட்டோ எடுத்தா போதும்.

2. அந்த ரோடு யாருடையதுன்னு கண்டுபிடிங்க. எல்லாரும் நிக்கிறது இங்கதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். டவுன் நகர சபைக்குள்ள இருக்கும், ஒரு வளைவு தாண்டுனா பிரதேச சபை, அதுக்கு மேல தோட்டம். எங்களுக்கு சபைல சொன்னது "அது தோட்டத்து ரோடு", தோட்டத்து ஆபீஸ்ல சொன்னது "நாய் விசயம் சபை வேலை", இப்பிடியே அலைய விட்டாங்க, பிள்ளைகள் கல்லை கையில வச்சுக்கிட்டு ஸ்கூல் போச்சு. ஜீ.எஸ்.கிட்ட (கிராம சேவகர்) போய் எல்லை எதுன்னு கேட்டு வாங்கிக்கங்க. தோட்டத்துக்குள்ள பிரதேச சபை வேலை செய்ய இருந்த தடைய 2018ல சட்டத்தை திருத்தி நீக்கிட்டாங்க, அதனால "தோட்டம், எங்களுக்கு ஏலாது"ன்னு சொன்னா இதை மரியாதையா சொல்லுங்க. எல்லைல சந்தேகம்னா ஒருத்தரை தேடிக்கிட்டு நிக்காம சபை, தோட்டத்து பெரியதுரை (மேனேஜர்), எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஆபீஸ் மூணு பேருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாள்ல குடுங்க, யார் யாருக்கு போகுதுன்னு கடிதத்துலயே எழுதுங்க. எங்க விசயம் நகர்ந்ததே இதுக்கு பிறகுதான்.

3. கடிதம். தமிழ்லயே எழுதுங்க, பதிலும் தமிழ்ல கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நாய்களை கொன்னுருங்கன்னு எழுதாதீங்க, 2006ல இருந்து தெருநாயை கொல்றதில்லங்கிறதுதான் அரசாங்கத்து கொள்கை, அந்த கடிதம் அப்பிடியே மூலைல கெடக்கும். கேக்க வேண்டியது இதுதான்: வீட்டு நாய் பதிவு செஞ்சிருக்கா (1901லயே அதுக்கு சட்டம் இருக்கு, வருசா வருசம் பதியணும்), ஊசி அட்டை இருக்கா, சொந்தக்காரரை கட்டி வைக்க சொல்லுவீங்களா, தெருநாய்க்கு எப்ப கருத்தடையும் ஊசியும். கையில குடுத்து உங்க கொப்பில சீலும் திகதியும் வாங்குங்க, தரமாட்டேன்னா பதிவுத் தபால்.

வீட்டு நாய் கடிச்சிருந்தா பொலிஸ்லயும் ஒரு என்ட்ரி போடுங்க, ஆபத்தான மிருகத்தை கவனமில்லாம விடுறது தண்டனைச் சட்டப்படி குற்றம்.

4. பதில் வராட்டி 2016ம் வருசத்து தகவல் உரிமைச் சட்டப்படி "என் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீங்க"ன்னு சபையோட தகவல் அதிகாரிக்கு எழுதுங்க. 14 வேலை நாளுக்குள்ள தகவல் தர்றதா இல்லையான்னு முடிவு சொல்லணும். சபைக்கு போன் பண்ணி கெஞ்சுறதை விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

பிந்திய சேர்க்கை: ராத்திரி முழுக்க குரைக்கிற பக்கத்து வீட்டு நாய்க்கு என்ன செய்யன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. மொதல்ல நேர்ல பேசுங்க, சரிவராட்டி மத்தியஸ்த சபை (ரெண்டு பக்கத்தையும் பேசி சமாதானம் பண்ணி வைக்கிற சபை), செலவும் இல்ல, அடுத்த லயத்து ஆளோட கோர்ட்டுக்கு அலையவும் தேவையில்ல. இன்னொருத்தர் சோத்துல மருந்து வைக்கலாமான்னு கேட்டிருந்தார். தயவுசெஞ்சு வேணாம் தம்பி. அது குற்றம், அந்த சோத்தை பிள்ளைகள் தொடலாம், ஊசி போட்ட நாய் செத்தா அந்த எடத்துக்கு ஊசி போடாத புது நாய் வரும். ஹோட்டல் பின்னுக்கு கொட்டுற எலும்பையும் சோத்தையும் அள்ள வைங்க, அதுக்கும் அதே கடிதத்துல ஒரு வரி சேத்துக்கலாம்.