காடை முட்டை பொரியாவிட்டால் எங்கே பார்ப்பது

இன்கியூபேற்றரில், அதாவது முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டியில், 18ஆம் நாள் கடந்தும் பாதி முட்டை அசையாமல் கிடந்தால் அவற்றை வாழைப் பாத்திக்குள் கொட்டி மூடிவிடாதீர்கள். எங்கே பிழைத்தது என்று சொல்லக்கூடியவை அந்த முட்டைகள்தான். இங்கே யாழ்ப்பாணத்து வீடுகளில் வளர்வது ஜப்பானியக் காடை. கணக்காக 17, 18 நாளில் பொரிக்கும். பிந்தி வருவதற்கு இன்னும் இரண்டு நாள் விட்டு, 20ஆம் நாள் எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள்.

உடைப்பதை முற்றத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கூழ்முட்டை ஒன்று குசினிக்குள் வெடித்தால் இரண்டு நாளைக்கு வீட்டில் இருக்க ஏலாது. ஒரு பழைய பேசின், நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல், பேனை, தாள் போதும். முட்டையின் மொத்த முனையில் கோதைத் தட்டி, கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டித் திறவுங்கள். கோதுக்குள் காற்று நிற்கும் இடமான காற்றறை அந்தப் பக்கம்தான் இருக்கும். அதன் அளவை முதலில் பார்த்துவிட்டு, பிறகு உள்ளே இருப்பதைப் பேசினில் ஊற்றுங்கள்.

மஞ்சள் கரு முழுதாக, இரத்தம் ஒன்றும் இல்லாமல் இருந்தால் அது கருக்கட்டாத முட்டை, அல்லது முதல் நாளிலேயே செத்தது. 20 நாள் சூட்டில் கிடந்த பிறகு இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினம். இரத்த வளையம் தெரிந்தால் 2 முதல் 4 நாளுக்குள் செத்தது. கறுத்த கண் இருந்தால் 4 நாள் தாண்டியது. இறகு முளைத்திருந்தால் 10 நாள் அளவு. முழுக் குஞ்சாக இருந்தால் மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்விட்டதா, வெளியே தொங்குகிறதா, அலகு கோதில் துளை போட்டதா என்று பார்த்து எழுதுங்கள்.

40 முட்டை வைத்து 14 குஞ்சு வந்தது என்று வையுங்கள். மிச்சம் 26ஐ உடைத்ததில் வெறும் முட்டை 5, இரத்த வளையம் 3, நடுவில் செத்தது 1, முழுக் குஞ்சாகச் செத்தது 17. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு சேவலை மாற்றுவது வீண் வேலை. கருக்கட்டல் நன்றாகத்தான் நடந்திருக்கிறது. பிழை பெட்டிக்குள், அதுவும் ஈரப்பதனில் அல்லது கடைசி மூன்று நாளில். மறுபக்கமாக வெறும் முட்டை 20 என்று வந்தால் இன்கியூபேற்றரைக் கழற்றிப் பூட்டுவதில் பயனில்லை, கூட்டுக்குத்தான் போகவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் தண்ணீர்தான் முதல் சந்தேகம்

பெட்டியோடு வரும் விளக்கத்தாள் முதல் நாளே தண்ணீர்க் கானை நிரப்பச் சொல்லும். குளிரும் வறட்சியுமான ஊருக்கு அது சரி. இங்கே மாரியில் இரவு அறை வெப்பம் 27 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்று நிற்கும். அந்தக் காற்றையே பெட்டிக்குள் 37.5 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 47 வீதத்துக்கு இறங்கும். முதல் 14 நாளும் காடை முட்டைக்கு வேண்டியது 45 முதல் 50 வீதம். ஒரு துளி தண்ணீர் ஊற்றாமலே அது கிடைத்துவிட்டது. முட்டைகள் விடும் ஈரமும் அதற்கு மேல் சேரும். சோளகக் காற்றுக் (தென்மேல் காற்று) காலத்திலும் இதே கதைதான்: 30 பாகையும் 78 வீதமும் உள்ள காற்று பெட்டிக்குள் 51 வீதமாக நிற்கும். தை மாதப் பனியில் மட்டும், விடிய அறை 23 பாகைக்கு வரும்போது, 35 வீதம் வரை இறங்கலாம். அப்போது ஒரு சிரட்டையில் அரைவாசி தண்ணீர் வைத்தால் போதும்.

ஈரம் கூடினால் முட்டைக்குள் இருக்கும் நீர் வெளியேறாது. காற்றறை சின்னதாகவே இருக்கும். குஞ்சு ஊதிப்போய், கோதை வெட்டும்போது வழுவழுவென்று நீர் வழியும். மூச்செடுக்க அலகை உயர்த்தும் நேரத்தில் அந்த நீருக்குள்ளேயே மூழ்கிச் செத்திருக்கும். ஈரம் குறைந்து செத்தது வேறு மாதிரி: குஞ்சு சிறுத்து, உள்தோல் காய்ந்த பப்படம் போல உடம்பில் ஒட்டியிருக்கும், காற்றறை பெரிதாக இருக்கும். வெளியே இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான், ஆனால் செய்யவேண்டிய வேலை நேர்மாறு.

மலிவான ஈரப்பதன்மானியை நம்பி ஒரு முடிவும் எடுக்காதீர்கள். ஒரு போத்தல் மூடியில் கறியுப்பு போட்டு, கரைந்துவிடாமல் சேறு மாதிரி நனையும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விடுங்கள். மூடியையும் மானியையும் வாய் அகன்ற போத்தலுக்குள் வைத்து இறுக மூடி 8 மணித்தியாலம் விடுங்கள். உள்ளே ஈரப்பதன் 75 வீதமாக நிற்கும். மானி 68 காட்டினால் இனிப் பார்க்கும் ஒவ்வொரு அளவோடும் 7 கூட்டிக்கொள்ளுங்கள்.

மானியை விட நிறுவை நம்பிக்கையானது. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். வைக்கும் அன்று 10 முட்டையில் பென்சிலால் அடையாளம் போட்டுச் சேர்த்து நிறுங்கள். 110 கிராம் இருந்தால், 14ஆம் நாள் 97 கிராம் அளவில் நிற்கவேண்டும், அதாவது 12 வீதத்தை அண்டிய குறைவு. 7ஆம் நாள் 103 அல்லது 104. அன்று 107இல் நின்றால் தண்ணீர் இருந்தால் எடுத்துவிட்டுக் காற்றுத் துளையை இன்னும் திறவுங்கள். 100க்கு வந்துவிட்டால் சிரட்டையை வையுங்கள்.

வெப்பம்

விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.7 பாகை. விசிறி இல்லாத றெஜிபோம் (தேர்மோகோல்) பெட்டியில் மேலும் கீழும் இரண்டு மூன்று பாகை வித்தியாசம் வரும். அதில் முட்டையின் மேல் மட்டத்தில் அளந்து 38.5 வைக்கவேண்டும். பெட்டியின் மூடியில் அளந்து 37.5 என்று நிம்மதியாக இருந்தால் முட்டைக்கு 35தான் கிடைக்கும்.

வெப்பமானியைச் சோதிக்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது: காய்ச்சல் பார்க்கும் டிஜிற்றல் மானி. அது சரியாகக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்ட எல்லைக்குள்தான் நமக்கு வேண்டிய 37.5 இருக்கிறது. ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அதன் முனையையும் பெட்டியின் உணரியையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள்.

வீட்டில் செய்யும் பெட்டிகளில் கூடுதலாகப் பூட்டுவது டபிள்யூ 1209 என்ற, வெப்பத்தைப் பார்த்துப் பல்பை எரித்து அணைக்கும் சின்னப் பலகை. கடையில் இருந்து வரும்போது அதில் இரண்டு அமைப்பு நமக்கு எதிராக இருக்கும். செற் பொத்தானை 5 செக்கன் அமத்திப் பிடித்தால் பி0 வரும். அது குளிரூட்டும் நிலையான சியில் இருந்தால் சூடாக்கும் நிலையான எச் ஆக்குங்கள். அடுத்தது பி1. அதில் 2.0 என்று இருக்கும். 37.7 வைத்தாலும் 35.7க்கு இறங்கிய பிறகுதான் பல்ப் எரியும் என்று அர்த்தம். முட்டைக்குச் சராசரியாகக் கிடைப்பது 36.7. குஞ்சு 19, 20ஆம் நாள் சோர்ந்துபோய் வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். பி1ஐ 0.2 ஆக்குங்கள். காய்ச்சல் மானியோடு ஒப்பிட்டதில் வந்த வித்தியாசத்தைப் பி4இல் கொடுக்கலாம்.

குஞ்சு 16ஆம் நாளே வந்து, தொப்புள் மூடாமல் சிவந்து நின்றால் சூடு கூட. உணரி வயர் வழுகி வெளியே தொங்கினால் பல்ப் அணையவே அணையாது, ஒரு இரவில் எல்லாம் அவிந்துவிடும். வயரை முட்டைத் தட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். முடிந்தால் இரண்டாவது பலகை ஒன்றை 38.5இல் வைத்து, பல்புக்குப் போகும் வயரில் தொடராகப் பூட்டுங்கள். பலகையின் பின்பக்கத்தில் 230 வோல்ற் வெறுமையாக இருக்கும். ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு மூடாமல் பாவிக்கக்கூடாது. பல்ப் இழை உள்ளதாக இருக்கவேண்டும். எல்ஈடி வெளிச்சம் தரும், பெட்டியைச் சூடாக்காது. 40 வோற் ஒன்றுக்குப் பதில் 25 வோற் இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டினால் ஒன்று எரிந்துபோனாலும் மற்றது காப்பாற்றும்.

பெட்டிக்கு வரும் முன்னரே செத்தவை

வெறும் முட்டையும் இரத்த வளையமும் கூடினால் அடைக்கு வைக்கும் முன் நடந்ததைத் தேடவேண்டும். முதலில் கூட்டில் இருந்து எடுத்த புது முட்டை ஐந்தை உடைத்துப் பாருங்கள், பிறகு பொரித்துத் தின்னலாம், நட்டமில்லை. மஞ்சள் கருவின் மேல் வெள்ளைப் புள்ளி இருக்கும். அது வட்டமாக, நடு வெளிறி வளையம் போல இருந்தால் கருக்கட்டியது. சின்னதாக, அடர்த்தியாக, ஓரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் இல்லை.

புது முட்டையில் வளையம் இருக்கிறது, பெட்டியில் மட்டும் ஆரம்பத்திலேயே சாகிறது என்றால் சேர்த்துவைத்த இடம்தான் பிழை. கரு 20 பாகையைத் தாண்டினாலே மெல்ல மெல்ல வளரத் தொடங்கும். நமது அறை 30. அடைக்கும் வராமல் உறக்கமும் இல்லாமல் அரைகுறையாய் வளர்ந்து செத்துப்போகும். குளிர்நாட்டுக்காரர் ஒரு கிழமை மேசையில் வைப்பதைப் பார்த்து இங்கே செய்யக்கூடாது. நல்ல வெப்பம் 13 முதல் 18 பாகை. பிறிட்ஜின் நடுத்தட்டு 4 பாகை, அது கூடக் குளிர். கீழே மரக்கறி வைக்கும் லாச்சிக்குள் துணியில் சுற்றி, உள்ளே எத்தனை பாகை என்று மானி வைத்துப் பார்த்து வைக்கலாம். பிறிட்ஜ் இல்லாவிட்டால் நனைந்த மணலில் புதைத்த மண்பானைக்குள், கூர்முனை கீழாக, கூடியது 3 நாள். பஸ்ஸில் ஏ9 வீதி வழியாகக் குலுங்கி வந்த முட்டையை அன்றே சூட்டில் வைக்காமல் கூர்முனை கீழாக 12 மணித்தியாலம் ஆறவிடுங்கள். முட்டையைக் கழுவவேண்டாம், எச்சம் பட்டதை ஒதுக்கிவிடுங்கள்.

சேவல் ஒன்றுக்குப் பேடு மூன்று, நான்கு. சேவலின் வாலடியில் உள்ள உருண்டையை மெதுவாக அமத்தினால் வெள்ளை நுரை வரவேண்டும். வராத சேவல் தீன் தின்ன மட்டும்தான். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழ் கூடு இருந்தால் நுரை வந்தாலும் கருக்கட்டல் குறையும். தகரத்துக்கு மேல் கிடுகு போடுங்கள். பகல் வெளிச்சம் இங்கே வருடம் முழுக்க 12 மணித்தியாலத்தை அண்டியே நிற்பதால், பொழுதுபட்ட பிறகு இன்னும் 3 மணித்தியாலம் ஒரு பல்ப் எரியவேண்டும். இரு பாலும் 10 கிழமையில் இருந்து 7, 8 மாதம் வரைதான் இனவிருத்திக்கு நல்லது. சொந்தக் குஞ்சுகளையே மூன்று தலைமுறை சேர்த்தால் கோழியை விடக் காடையில் பொரிப்பு வேகமாக விழும். வேறு ஊர்க்காரருடன் சேவலை மாற்றிக்கொள்ளுங்கள்.

நடுநாட்களில், 5க்கும் 12க்கும் இடையில், சாவு கூடினால் தாயின் தீனைப் பாருங்கள். முட்டைக்கோழித் தீனின் புரதம் 16, 17 வீதம். முட்டையிடும் காடைக்கு 20 வேண்டும். உப்பில்லாத மீன்தூள் கொஞ்சம் சேர்க்கலாம், கருவாட்டுத் தூள் வேண்டாம். முருங்கையிலை தினம் ஒரு பிடி. திறந்த சாக்கு வெக்கையில் மாதக்கணக்கில் கிடந்தால் அதில் விற்றமின் மிஞ்சாது.

கறண்ட் போனால்

பதறவேண்டாம். அறையே பெரும்பாலும் 29, 30 பாகை என்பதால் முட்டை அதற்குக் கீழே இறங்காது. இரண்டு மூன்று மணித்தியாலத்தைத் தாங்கும். திறந்து பார்க்காமல் பெட்டியைப் போர்வையால் மூடுங்கள், ஆனால் 12ஆம் நாளுக்குப் பிறகு காற்றுத் துளையை மறைக்கக்கூடாது. வளர்ந்த கரு தானே சூடு விடும், மூச்சும் எடுக்கும். பெட்டிக்குள் எப்போதும் இரண்டு தண்ணீர்ப் போத்தல் மூடியபடி கிடந்தால் சூட்டைப் பிடித்துவைக்கும். அடிக்கடி வெட்டு வரும் இடத்தில் 12 வோல்ற் 7 ஆம்பியர் மணி மோட்டார் சைக்கிள் பற்றரியும் 21 வோற் வாகன பல்பும் 3 மணித்தியாலம் வரை இழுக்கும்.

கடைசி மூன்று நாள்

ஒரு நாளுக்கு 3 அல்லது 5 தரம் பிரட்டுவதை 14ஆம் நாள் முடிய நிறுத்துங்கள். இப்போதுதான் தண்ணீர் வேண்டும்: 65 முதல் 70 வீதம். இங்கே கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. ஈரத்துக்குத் தண்ணீரில் வைக்கும் கடற்பஞ்சு கல்லாகிவிடும், மாற்றிக்கொள்ளுங்கள். தரையில் பத்திரிகைத் தாள் விரித்தால் குஞ்சு வழுக்கிக் கால் விரிந்துவிடும். சாக்குத் துணி விரியுங்கள்.

அலகு துளை போட்டதும் மூடியைத் திறக்கும் ஆசைதான் கூடுதல் குஞ்சைக் கொல்வது. ஒருதரம் திறந்தாலே ஈரம் ஓடிவிடும், பாதி வெட்டிய முட்டையின் தோல் குஞ்சின் மேல் இறுகும். முதல் பொரித்தவை 24 மணித்தியாலம் தீன் இல்லாமல் உள்ளேயே இருக்கலாம், வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு போதும்.

முடிந்ததும் பெட்டியைக் கழுவி, ஐதான குளோரின் தண்ணீரால் துடையுங்கள். றெஜிபோமின் பொருத்துகளில் குஞ்சு மயிர் ஒளிந்திருக்கும், பழைய பல்துலக்கியால் தேய்த்தால்தான் போகும். காலை வெயிலில் காயவைத்து, வெறும் பெட்டியை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, காய்ச்சல் மானி 37.5இல் நின்ற பிறகு அடுத்த முட்டைகளை நிறுத்து வையுங்கள்.