ஒரே டைபோலில் 7, 14, 21 மெகாஹெர்ட்ஸ்: கம்பியை விடுங்கள், ஃபீட் லைனை அளந்து பாருங்கள்

அமெச்சூர் ரேடியோவில் பல பேண்டுக்கு (அலைவரிசைக்கு) ஒரே டைபோல், அதாவது நடுவில் பிரித்த கம்பி ஆன்டெனா, கட்டும்போது எல்லோரும் கம்பியைத்தான் வெட்டி வெட்டிப் பார்க்கிறோம். நானும் பல வாரம் அதைத்தான் செய்தேன். கை வைக்க வேண்டிய இடம் ஃபீட் லைன், அதாவது ரிக்கிலிருந்து (ரேடியோ கருவியிலிருந்து) ஆன்டெனாவுக்குப் போகும் லைன்.

கம்பிக் கணக்கு சுலபம். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.1 மீட்டர். நடுவில் இன்சுலேட்டர், பக்கத்துக்குப் பாதி. 7-ல் நடுமுனையில் 50, 70 ஓம்தான் இருக்கும், கோஆக்ஸே (டிவி கேபிள் மாதிரியான உருண்டைக் கேபிள்) போதும். 14-க்குப் போனால் அதே கம்பி முழு அலைநீளம் ஆகிவிடுகிறது, நடுமுனையில் சில ஆயிரம் ஓம். அப்போதும் கோஆக்ஸ் போட்டு ரிக் பக்கத்தில் ட்யூனர் (ஓமைப் பொருத்தித் தரும் பெட்டி) வைத்தால் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (பொருத்தத்தைக் காட்டுவது, 1 என்றால் கச்சிதம்) அழகாக 1.2 காட்டும், பவரில் பெரும்பகுதி கேபிளிலேயே சூடாகிப் போகும். அந்த 1.2-ஐ நம்பாதீர்கள். 450 ஓம் லேடர் லைன் (ஏணி போல இடைவெளி விட்டு ஓடும் இரட்டைக் கம்பி) போடுங்கள். அதில் எஸ்.டபிள்யூ.ஆர். 8, 10 இருந்தாலும் இழப்பு சொற்பம்தான்.

லேடர் லைன் போட்ட பிறகும் எனக்குச் சரிவரவில்லை. 7-லும் 14-லும் ட்யூனருக்குள் படபடவென்று பொறி பறந்தது. டேப் வைத்து லைனை அளந்தேன்: 9.6 மீட்டர். வெலாசிட்டி ஃபேக்டர் (லைனில் அலை ஓடும் வேகம், ஒளி வேகத்தில் எத்தனை பங்கு என்பது) 0.91 என்று வைத்துக் கணக்குப் போட்டால் அது 7.1-ல் சரியாகக் கால் அலை, 14-ல் அரை அலை. கால் அலை லைன் 60 ஓமை 3,000 ஓமுக்கு மேல் தூக்கிவிடும். அரை அலை லைனோ மேலே உள்ள ஆயிரக்கணக்கான ஓமை அப்படியே கீழே இறக்கும். இரண்டு பேண்டிலும் ட்யூனர் திணறத்தானே செய்யும்!

4.8 மீட்டர் லைன் ஒட்டு சேர்த்து 14.4 ஆக்கினேன். 14-ல் அது முக்கால் அலை, கால் அலை போலவே ஓமைப் புரட்டிப்போடும். 4,000 ஓம் கீழே ஏறக்குறைய 50 ஆக வந்து நின்றது. 7-லும் 21-லும் ட்யூனர் சுலபமாகப் பிடித்தது. 28-க்கு மட்டும் இந்த நீளம் ஆகாது, அங்கே மறுபடி அரை அலைக் கணக்கு வந்துவிடும். அதற்குப் பக்கத்துக்கு 2.5 மீட்டரில் தனி டைபோல், தனி கோஆக்ஸ்.

மிஞ்சிய லைனைச் சுருட்டித் தரையில் போடாதீர்கள். இரும்புக் குழாய், கிரில் எதையும் தொடாமல், ஒரு சாண் தள்ளியே வரட்டும். காற்றில் தட்டாமல் இருக்க நான் இரண்டு மீட்டருக்கு ஒரு முறுக்கு கொடுக்கிறேன். மின்கம்பி பக்கம் ஆன்டெனா போகவே கூடாது.

ட்யூனருக்கும் லைனுக்கும் நடுவே 1:1 கரன்ட் பாலன் (கோஆக்ஸையும் இரட்டைக் கம்பி லைனையும் சேர்த்துவைப்பது): எஃப்.டி.240-43 ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கோஆக்ஸ் 10 சுற்று. ஓமை நாலில் ஒன்றாக்கும் 4:1 பாலன் போடச் சொல்வார்கள். 14-ல் ஏற்கெனவே 50-க்கு வந்ததை அது 12 ஆக்கிவிடும்.

டி-வகை ட்யூனரில் (இரண்டு கண்டென்சர், நடுவே ஒரு காயில்) இரண்டு கண்டென்சரையும் முழுக்க மூடிவைத்து, 5 வாட்டில் காயிலைக் குறைந்த பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். முதலில் கிடைக்கும் மேட்ச்தான் இழப்புக் குறைவானது. பேண்டுக்கு ஒன்றாகக் குமிழ் நிலைகளைத் தாளில் எழுதி ட்யூனர் மேலேயே ஒட்டிவிடுங்கள்.